உள்ளே நாற்பத்திரண்டு ஏக்கரா

காரவலசு நாச்சிமுத்துவின் கொறங்காடு வெளியே நின்று அளந்தால் ஏழு ஏக்கராவாகவும், உள்ளே போய் அளந்தால் நாற்பத்திரண்டு ஏக்கரா பதினெட்டு சென்ட்டாகவும் ஆகிப்போனதற்கு எது காரணம் என்று ஊரில் இன்னும் பேச்சு ஓயவில்லை. ஆனால் அதை ஊரறியச் செய்தது நாச்சிமுத்துவேதான், அவருடைய சந்தேகம்தான், அதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

சந்தேகம் என்றால் அப்படி ஒரு சந்தேகம். பஸ்ஸில் டிக்கெட் வாங்கினால் பின்பக்கத்தையும் திருப்பிப் படிப்பார். மழை பெய்து ஓய்ந்தால் அடுத்தவன் காட்டில் ஒரு விரல்கடை கூடப் பெய்துவிட்டதோ என்று வேலிக்கு வெளியே நின்றபடி குச்சியை நீட்டி அவன் மண்ணைக் குத்திப் பார்ப்பார். கோயிலில் எல்லோரும் இரண்டு கண்ணையும் மூடிக் கும்பிட்டால் இவர் ஒரு கண்ணைத்தான் மூடுவார், மற்றது செருப்பு விட்ட இடத்தில் இருக்கும் என்று அவர் சம்சாரம் செல்லாத்தாளே சொல்லிச் சிரிப்பாள். கெட்ட மனுஷர் கிடையாது. யாரையும் ஏமாற்ற மாட்டார். தன்னை எல்லோரும் ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்கிற நினைப்பிலேயே அவருக்குப் பொழுது சரியாகப் போய்விடும், பிறரை ஏமாற்ற நேரம் ஏது?

கொறங்காடு என்றதும் வெளியூர்க்காரர்கள் ஏதோ வனம் என்று நினைத்துக்கொள்வார்கள். அது மேய்ச்சல் நிலம், அவ்வளவுதான். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு நாலு வெள்வேல மரம், ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் நாச்சிமுத்துவின் மாடுகளோடு சேர்ந்து, அவருடைய தங்கச்சி பாவாத்தாளின் சாம்பல் நிறத்து ஒற்றை மயிலைப் பசுவும் மேய்ந்துகொண்டிருந்தது. பாவாத்தாள் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு மாமியார் வீட்டில் இருக்கப் பிடிக்காமல், அந்தப் பசுவைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு பிறந்த ஊருக்கே திரும்பி வந்து, கொறங்காட்டை ஒட்டி, இரண்டு வேலிகளுக்கு நடுவே வண்டித்தடமாகப் போகிற இட்டேரியின் முனையில் ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தாள். அப்பன் சொத்தில் அவளுக்கும் பாதி உண்டு என்று சட்டம் சொல்கிறது. பாவாத்தாள் அதைக் கேட்டதும் இல்லை, வேண்டாமென்று எழுதிக் கொடுத்ததும் இல்லை. கேட்கிறவளைச் சமாளித்துவிடலாம், இவள் எதற்காகக் கேட்காமலே இருக்கிறாள் என்பதுதான் நாச்சிமுத்துவை ஆறு வருஷமாக அரித்துக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கையில்தான் கோயமுத்தூரிலிருந்து ஒரு கம்பெனிப் பெண் வந்தாள். பெயர் மிருதுளா, முப்பது வயதிருக்கும், கையில் சிலேட்டு மாதிரி ஒரு மெஷின். அவள் சொன்னது இதுதான்: முப்பது வருஷத்துக்குக் கொறங்காட்டுக்குள் மாடு, ஆடு, குளம்புள்ள எதுவும் போகக் கூடாது, உழ வேண்டாம், நட வேண்டாம், தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், மண்ணுக்குள் உறங்குகிற விதையும் குருவி எச்சத்தில் விழுகிற விதையும் தானாக முளைத்து, இந்த மண்ணுக்கென்று உள்ள மரங்கள் காடாகி வரும், மரம் வளர வளரக் காற்றில் இருக்கிற கரியை இழுத்து உடம்புக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும், எங்கேயோ வெளிநாட்டில் புகை விடுகிற ஆலைக்காரன் அதற்குக் காசு தருவான், ஏக்கராவுக்கு இவ்வளவு என்று வருஷா வருஷம் அது பேங்கில் வந்து விழும்.

சும்மா இருப்பதற்கு எவனாவது காசு தருவானா? காரவலசு முழுக்க இதே பேச்சாக இருந்தது. அடியில் ஏதோ கனிமம் இருக்கிறது என்றார்கள் சிலர், மின்கோபுரம் நட வருகிறான் என்றார்கள் சிலர், கேஸ் குழாய் பதிக்கத்தான் இந்த நாடகம் என்றார்கள் சிலர், முப்பது வருஷம் கழித்து உன் நிலத்துக்குள் நீயே டிக்கெட் வாங்கிக்கொண்டு போவாய் என்றும் ஒருத்தர் சொன்னார். கிழக்குக் காட்டுக்காரரும் கோயில் திருவிழாவான நோம்பிக்கு வரி வசூலிக்கிறவருமான திருமலைசாமி, வீடு தேடி வந்து, கையெழுத்து மட்டும் போட்டுராதீங்க மாப்ளே என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மூன்று வருஷமாக மழை இல்லாமல் புல் வேரோடு காய்ந்து, வைக்கோல் வாங்கியே நொடித்துப் போயிருந்தும் அதுவரை மாட்டேன் மாட்டேன் என்று இருந்த நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. நான் கையெழுத்துப் போடக் கூடாதென்று இவனுக்கு என்ன இவ்வளவு அக்கறை? அன்றைக்கே மிருதுளாவுக்குப் போன் போட்டுவிட்டார்.

பாதிக்கு உரிமை உள்ளவள் என்பதால் பாவாத்தாளும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. வந்தாள். காகிதத்தைப் படிக்கவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்துத்தான் பேசினாள்.

"போடறனுங்ணா. இட்டேரி ஓரத்துல ஒரே ஒரு ஏக்கரா மட்டும் வெளிய விட்டுருங்க. என்ற மாடு மேயறதுக்கு."

அதற்கென்ன, ஆறு ஏக்கராவாக வரைந்துகொள்கிறேன் என்று மிருதுளா மெஷினைத் தட்டப் போனாள். நாச்சிமுத்து தடுத்துவிட்டார். இன்றைக்கு ஒரு ஏக்கரா என்பாள், நாளைக்கு மாட்டுக்குக் கொட்டகை என்பாள், அப்புறம் கொட்டகைக்கு மின்சாரம் என்பாள், ஆறு வருஷமாக வாயைத் திறக்காமல் இருந்ததே இந்த ஒரு ஏக்கராவில் கால் வைக்கத்தான் என்று அவருக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. அப்பன் வைத்துவிட்டுப் போனது ஏழு, அது ஏழாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார். பாவாத்தாள் தன் பெயரை முழுசாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மாடுகள் கண்ணபுரம் சந்தைக்குப் போயின. கொறங்காட்டின் கிழக்கு, மேற்கு வழிகளை முள்படல் வைத்து அடைத்தார்கள். பாவாத்தாள் அதற்குப் பிறகு பசுவைக் கயிற்றில் பிடித்தபடி இட்டேரி ஓரத்தில் முளைத்ததைக் கடிக்க விட்டுக்கொண்டு காலையிலிருந்து பொழுது சாயும் வரை நின்றாள். பசு இளைத்துக்கொண்டே வந்தது. விலா எலும்பை இட்டேரியில் போகிறவர்கள் எண்ணிவிடலாம். வேலிக்கு அந்தப் பக்கம் காய்ந்த புல்லாவது கடிபடாமல் நிற்க, பசு கிளுவைக்குள் மூக்கை விட்டு மூச்சு விடும், பாவாத்தாள் கயிற்றை இழுப்பாள். வேலியைச் சுற்றி வருகிற நாச்சிமுத்து அதைப் பார்க்காத மாதிரி போவார், போன பிறகு திரும்பி வந்து வேலியில் சந்து ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டியது. வெள்வேல் வந்தது, ஊஞ்சை வந்தது, வெடத்தலை வந்தது, இலந்தையும் நுணாவும் விராலியும் வந்தன, நாற்பது வருஷமாக யாரும் பார்த்திராத மரங்களும், பெயரை ஒரே ஒரு ஆள் மட்டும் ஞாபகம் வைத்திருந்த மரங்களும் வந்தன, இரண்டாம் வருஷ மழைக்கு அவை ஆள் உயரம் தாண்டின, கவுதாரி வந்தது, மயில் வந்தது, புனுகுப் பூனை வந்தது என்றார்கள். இரண்டு வருஷத்தில் இப்படி வளருமா என்று யாரும் கேட்கவில்லை. இவ்வளவு காலமும் மாடு கடித்துக் கடித்து உள்ளேயே அடக்கி வைத்திருந்தது, விட்டதும் கிளம்பிவிட்டது என்றார்கள்.

நாச்சிமுத்து வேலியை வெளியே ஒரு சுற்று சுற்றிவர எப்போதும்போல ஒரு பீடி பற்றி அணையும் நேரம்தான் ஆயிற்று. ஆனால் கம்பெனிக்காரன் திருட்டுத்தனமாக எங்காவது குழி தோண்டியிருக்கிறானா என்று பார்க்க ஒரு நாள் காலைச் சோறு தின்றுவிட்டுக் கிழக்கே நுழைந்தவர், மேற்கே வெளியே வந்தபோது பொழுது இறங்கியிருந்தது. கால் போய்விட்டது, வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அடுத்த வாரம் ஆவாரம் பூப் பறிக்கப் போன செல்லாத்தாள் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டுப் போய், அரை நாள் கழித்துத் திரும்பி வந்து, கரிந்த சட்டியைத் தேய்த்தபடி, நம்ம காடு பெருசாப் போச்சுங்க என்று சாதாரணமாகச் சொன்னாள். நாச்சிமுத்து அவளையும் சந்தேகமாகப் பார்த்தார்.

இதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அந்த வருஷம் கம்பெனி ஏழு ஏக்கராவுக்குப் பணம் போட்டது. எதை வைத்து ஏழு என்கிறாய் என்று இவர் கேட்க, வானத்திலிருந்து செயற்கைக்கோள் படம் எடுத்ததில் ஏழு என்று மிருதுளா சொன்னாள். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் எதுதான் சின்னதாகத் தெரியாது? காலையிலிருந்து பொழுது சாயும் வரை நடக்கிற காட்டுக்கு ஏழு ஏக்கராக் காசு கொடுத்து ஏய்க்கிறான் என்று நாச்சிமுத்து, காங்கேயத்திலிருந்து ஆரோக்கியசாமி என்கிற தனியார் சர்வேயரைக் கூட்டி வந்து, மெஷின் எதுவும் கூடாது, பழையபடி இரும்புச் சங்கிலி போட்டுத்தான் அளக்க வேண்டும், அதுவும் உள்ளேயே அளக்க வேண்டும் என்று இறக்கிவிட்டார்.

ஆரோக்கியசாமி நான்கு நாள் உள்ளே அளந்தார். நாற்பத்திரண்டு ஏக்கரா பதினெட்டு சென்ட். வெளியே மூன்று தடவை அளந்தார். ஏழு. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, எனக்கு உள் அளவுக்குத்தான் கூலி வேண்டும் என்று கறாராகச் சொல்லி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். மிருதுளா வந்து பார்த்தாள். கிழக்கே நுழைந்து நடந்தாள். ஏழு ஏக்கரா ஆனதும் எல்லை முடிந்தது என்று மெஷின் கத்தியது. மேற்கே நுழைந்தாள், அங்கேயும் ஏழில் கத்தியது. எந்தப் பக்கம் நுழைந்தாலும் ஏழு என்று காட்டிவிட்டு அதற்கு மேல் எட்டிப் பார்க்க மாட்டேன் என்றது. ஆவணத்தில் எவ்வளவு இருக்கிறதோ அதற்குத்தான் தர முடியும், மிச்சத்தைக் குறிப்பு என்கிற கட்டத்தில் எழுதி வைக்கிறேன் என்று எழுதிக்கொண்டு போனாள்.

கம்பெனியை விடுங்கள், ஊர் விடுமா? முப்பத்தைந்து ஏக்கரா ஒருத்தனுக்குக் கூடியிருக்கிறது என்றால் யாரோ ஒருத்தனுக்குக் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? திருமலைசாமி அன்றைக்கே கிணற்றுக் கயிற்றை எடுத்துக்கொண்டு தன் காட்டை அளக்கப் போனார். அவரைப் பார்த்து மற்றவர்கள் போனார்கள். தோட்டத்தை அளந்தார்கள், களத்தை அளந்தார்கள், வீட்டு வாசலை அளந்தார்கள், கோயில் பிராகாரத்தை அளந்தார்கள், சுடுகாட்டையும் விடவில்லை. கட்டிக் கொடுத்த ஊர்களிலிருந்து பெண்கள் வந்து, பிறந்த வீட்டுச் சமையல்கட்டைக் காலடி வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லாம் ஒரு சென்ட் குறையாமல் சரியாக இருந்தது. அதுதான் ஊருக்கு இன்னும் பெரிய சந்தேகமாகப் போய்விட்டது. எல்லாமே சரியாக இருக்கிறது என்றால் எங்கேயோ கைவரிசை நடந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பிறகு அதற்கும் பழகிவிட்டார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள், மாப்பிள்ளைக்கு நிலம் எவ்வளவு என்று கேட்டு, சொன்னதும், அது உள் ஏக்கராவா வெளி ஏக்கராவா என்றும் சேர்த்துக் கேட்டார்கள். இன்னும் மூன்று பேர் மாட்டை விற்றுவிட்டுக் கொறங்காட்டை அடைத்துப் பார்த்தார்கள்; அங்கேயும் மரம் வந்தது, காசும் வந்தது, நிலம் மட்டும் உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவாகவே இருந்தது. நாச்சிமுத்து எதையோ மறைக்கிறார் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பேச்சு நின்றது. அவர் எழுந்து போனால் அவர் உட்கார்ந்த பெஞ்சை ஒருத்தன் சாணால் அளந்து பார்த்தான்.

பங்குனி நோம்பிக்கு வரி போட ஊர்க்கூட்டம் கூடியபோது விஷயம் முற்றியது. காரவலசில் நோம்பி வரி ஏக்கராக் கணக்குதான், காலங்காலமாக அப்படித்தான். நாற்பத்திரண்டு ஏக்கராவுக்கு வரி கொடுங்கள் என்றார் திருமலைசாமி. அதோடு நிற்காமல், கொடுத்துவிட்டால் அத்தனையும் உங்களுடையது என்று ஆகிவிடும், அப்புறம் அந்த முப்பத்தைந்து எங்கிருந்து வந்ததென்று நாங்கள் கேட்போம், ஆளுக்கு இத்தனை என்று பிரிக்கச் சொல்லுவோம் என்றார். கொடுக்காவிட்டால் அம்மன் வரியை ஏய்த்தவன் என்று பேராகும். நாச்சிமுத்துவுக்கு இந்தப் பொறி புரிந்துவிட்டது. இவ்வளவு நாள் பயந்ததற்கு இன்றைக்காவது நிஜமாகவே ஒரு பொறி வைத்தார்களே என்று உள்ளூர ஒரு திருப்திகூட வந்தது. பத்திரத்தில் இருக்கிற ஏழுதான் என்னுடையது என்று அடித்துச் சொன்னார். அப்படியானால் சத்தியம் பண்ணுங்கள் என்றார்கள்.

அம்மன் முன்னால் தட்டில் சூடம் ஏற்றினார்கள். நாச்சிமுத்து அன்றைக்கு இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

"ஏழு ஏக்கராதான் என்னுது. அதுக்கு மேல ஒரு சென்ட்டுக்கும் நான் சொந்தக்காரன் இல்லை. நான் சொந்தம் கொண்டாடுனா அம்மன் என்னைக் கேக்கட்டும்."

ஊர் கலைந்தது. ஏழு ஏக்கராவுக்கு வரியைக் கட்டிவிட்டு, உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, ஊரையே ஜெயித்துவிட்ட மனுஷராக நாச்சிமுத்து வீடு வந்தார். பெண்கள் நின்ற பக்கத்தில் பாவாத்தாளும் நின்றிருந்தாள் என்பதை அவர் கவனிக்கவில்லை. செல்லாத்தாள் கவனித்தாள், சொல்லவில்லை.

நாலு நாள் கழித்து இட்டேரி முனையில் ஓட்டு வீடு பூட்டிக் கிடப்பது தெரிந்தது. நிறைசினையாக இருந்த பசுவையும் காணோம். சந்தைக்குப் போயிருப்பாள் என்று முதலில் நினைத்தார். அப்புறம் வேலியைப் பார்த்தார். முள்படல் ஒரு மாடு நுழைகிற அளவுக்கு விலக்கப்பட்டு, மறுபடியும் பதனமாகச் சாத்தப்பட்டிருந்தது. கீழே ஈர மண்ணில் குளம்பு பதிந்திருந்தது.

பத்து நாளில் மிருதுளா சோதனைக்கு வருகிறாள். ஒரு குளம்படி கண்ணில் பட்டாலும் ஒப்பந்தம் போயிற்று. மாடும் போயிற்று, காசும் போயிற்று, ஊர் சிரிக்கும். ஊரைக் கூட்டி, தங்கச்சி என் நிலத்தில் புகுந்துவிட்டாள் என்று சொல்லலாமா? எந்த நிலம் என்று கேட்பார்கள். ஏழுக்குள் என்றால் அந்த ஏழு எது, காட்டு என்பார்கள், ஏழுக்கு வெளியே என்றால் சூடம் அணைத்தாயே என்பார்கள். தானே உள்ளே போய்த் தேடிப் பார்ப்பதென்று கிளம்பினார். செல்லாத்தாள் இரண்டு வேளைக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து, நாலு வேளைக்கு ஆகுமென்று நினைத்து இன்னும் இரண்டு பொட்டலம் சேர்த்தாள். எதற்கு இவ்வளவு, உனக்கு முன்னமே தெரியுமா என்று நாச்சிமுத்து கேட்டார். அவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

ஆரோக்கியசாமி அளந்த பிறகும் காடு உள்ளே விரிந்திருக்கும் போல, இரண்டு நாள் நடந்தார். கால் வைத்த இடமெல்லாம் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நின்றது. சின்ன வயதில் அவரும் பாவாத்தாளும் வெள்வேலங்காய் பொறுக்கிய மேடு மாதிரி ஒரு மேடு வந்தது, அதே மாதிரி இன்னொன்றும் வந்தது, எது நிஜம் என்று தெரியவில்லை. சாணி கிடந்தது. தொட்டுப் பார்த்தார், காய்ந்திருந்தது. இன்னும் நடந்தார், மறுபடி சாணி, தொட்டார், ஈரமாக இருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் கழுத்து மணிச் சத்தம் கேட்டது.

ஊஞ்சை மரத்தடியில் மிளாறுக் குச்சி வேய்ந்த ஒரு குடிசை. மூன்று கல் வைத்து அடுப்பு. பசு ஈன்றிருந்தது, செவலைக் கன்று ஒன்று, இவரைப் பார்த்ததும் தாயின் வயிற்றுக்கடியில் போய் நின்றது. அந்தச் சில நாள் புல்லிலேயே பசுவின் விலா எலும்பு மறைந்துவிட்டிருந்தது. வாங்கண்ணா, உக்காருங்க என்றாள் பாவாத்தாள், நேற்றுத்தான் பார்த்துப் பேசிய மாதிரி. சீம்பாலைக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சி வட்டலில் ஊற்றி முன்னால் வைத்தாள். நாச்சிமுத்து வட்டலைத் தொடவில்லை. நின்றபடியே, இது என்னுடைய காடு, யாரைக் கேட்டு உள்ளே வந்தாய் என்றார்.

"உங்களுது எத்தனை ஏக்கராங்ணா?"

"ஏழு."

"வேலியிலிருந்து இங்க வர எத்தனை நாளாச்சுங்க?"

"ரெண்டு."

அவள் கன்றின் முதுகைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து தன் உள்ளங்கையைப் பார்த்தார். சூடம் சுட்ட இடம் இன்னும் கறுப்பாக இருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு கோபமாக வந்தாரோ அவ்வளவும் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரு ஏக்கரா. ஒரே ஒரு ஏக்கரா விட்டிருந்தால் இவள் இட்டேரி ஓரத்தில் அதுபாட்டுக்கு மேய்த்துக்கொண்டிருந்திருப்பாள், பசு எலும்பும் தோலுமாக நின்றதை வருஷக்கணக்காகப் பார்க்காத மாதிரி போயிருக்க வேண்டியதில்லை. நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. வட்டலை எடுத்து, சூடாக இருந்த சீம்பாலை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

"நான் சத்தியம் பண்ணித் தொலைச்சுட்டேன், பாவாத்தா" என்றார்.

"தெரியுமுங்ணா. அதுக்கு ஒண்ணும் பங்கம் வர வேண்டாம். உங்க ஏழு ஏக்கராவை நீங்க எடுத்துக்குங்க. எங்க வேணுமின்னாலும் எடுங்க. இந்த இடமே வேணும்னாலும் சொல்லுங்க, மாட்டைப் புடிச்சுக்கிட்டு நான் அக்கட்ட போயிக்கிறேன். நீங்க எடுத்தது போக மிச்சம் எனக்குப் போதும்."

அண்ணனும் தங்கச்சியும் அத்தோடு அழுது, கையைப் பிடித்துக்கொண்டு, எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று கதையை முடித்துவிட எனக்கும் ஆசைதான். நாச்சிமுத்துவுக்கும் கண் கலங்கத்தான் செய்தது. இந்த இடத்தையே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். தண்ணீர் இருந்தது, நிழல் இருந்தது, மண்ணும் நல்ல மண். அப்போது பார்த்து அந்தப் பழைய பூச்சி உள்ளே நெளிந்தது. இவ்வளவு நல்ல இடத்தை இவள் ஏன் இவ்வளவு சுலபமாக விட்டுக் கொடுக்கிறாள்? அப்படியென்றால் இதைவிட நல்ல இடம் ஒன்றை இவள் பார்த்து வைத்திருக்க வேண்டும்.

அக்கட்ட, அந்தப் பக்கம், எவ்வளவு தூரம் போகிறது, நீ கடைசி வரை பார்த்துவிட்டாயா என்று மெதுவாகக் கேட்டார்.

"நான் அளந்து பாக்கலீங்ணா" என்றாள் பாவாத்தாள்.

அளக்காமலே ஒருத்தி ஒரு நிலத்தில் குடியிருக்கிறாள் என்பதை நாச்சிமுத்துவால் நம்ப முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். சரீங்ணா, பைய போய்ப் பார்த்துட்டு வாங்க என்றாள்.

பத்தாம் நாள் மிருதுளா வந்து, கிழக்கே நுழைந்து, மெஷின் கத்தும் வரை நடந்து, அந்த ஏழு ஏக்கராவில் ஒரு குளம்படியும் இல்லை என்று எழுதிக்கொண்டாள். வழியில் படலை விலக்கி நுழைந்தது எந்தக் கால் என்று நாச்சிமுத்து மாதிரி குனிந்து பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அதோடு அங்கிருந்த தடத்தை அன்று காலையில்தான் செல்லாத்தாள் கூட்டிப் பெருக்கியிருந்தாள். உங்கள் வீட்டுக்காரர் எங்கே என்று மிருதுளா கேட்டாள். அவரு பங்கை எடுத்துக்கிட்டு இருக்காருங்க, காட்டுக்குள்ள இருக்காருங்க என்றாள் செல்லாத்தாள். மிருதுளா ஒப்பந்தத்தைத் திருப்பிப் பார்த்தாள். குளம்புள்ளவை கூடாது என்றுதான் இருந்தது, மனுஷரைப் பற்றி எதுவும் இல்லை. பணம் அந்த வருஷமும் வந்தது, அடுத்த வருஷமும் வந்தது. செல்லாத்தாள் மாதம் ஒரு தடவை துவைத்த வேட்டியும் பீடிக்கட்டும் படலோரம் வைப்பாள், மறுநாள் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு போசிப் பாத்திரம் நிறைய வெண்ணெய் இருக்கும். நாச்சிமுத்து செத்துப்போயிருப்பார் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள், முப்பத்தைந்து ஏக்கராவையும் ரகசியமாக உழுகிறார் என்று திருமலைசாமி சொல்கிறார்.

அவர் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். நல்ல இடமாக ஒன்று அகப்படும், உட்காருவார், அங்கிருந்து பார்த்தால் அடுத்தது இன்னும் பசுமையாகத் தெரியும், எழுந்துவிடுவார். சில நாள் பொழுதோடு பாவாத்தாள் மாட்டைக் கட்டும்போது அண்ணன் மரங்களுக்கு நடுவே போவது தெரிந்தால், எடுத்தாச்சுங்களாண்ணா என்று ஒரு குரல் கொடுப்பாள். இன்னும் இல்ல என்று பதில் வரும். ஒருவேளை இந்த இடத்தைத்தான் எடுக்கப் போகிறாரோ என்று அவள் பசுவையும், இப்போது மயிலையாக நிறம் மாறிவிட்ட கன்றையும் அவிழ்த்து, பத்தடி தள்ளிக் கட்டுவாள். அங்கே என்ன இருக்கிறதென்று அங்கே கொண்டுபோய்க் கட்டுகிறாள் என்று நாச்சிமுத்து அன்றைக்குப் பூராவும் யோசித்துக்கொண்டே நடப்பார்.